ஆயுத பூஜைக்குத் துடைத்த கப்பல் படி

எனக்குச் சுத்தம் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு அரிக்கும் அல்லவா, அந்த மாதிரி. பிறவியிலேயே நான் சோம்பேறி. படுத்த பாயைச் சுருட்டுவதற்கே அம்மா மூன்று தடவை கத்த வேண்டும். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு காலையில் மட்டும் உண்மையான சுறுசுறுப்போடு துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காலையில்தான் மூன்று வார வேலையை என் கையாலேயே கழுவி ஊற்றினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்துவிட்டுத் திருவொற்றியூரில், இரும்பை வெட்டிப் பற்றவைக்கிற ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில், கம்ப்யூட்டரில் அளவுப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (பெண்ணாக இருந்தாலும் அந்த வேலைக்குப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான்.) எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் எங்கள் அம்மா, 'என் பொண்ணு கப்பலுக்குப் படம் போட்றா' என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் பாதிப் பேர், நான் தூரிகையை எடுத்துக்கொண்டு கப்பல் கப்பலாகப் பெயின்ட் அடிக்கிறேன் என்று நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கடலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான், கொஞ்சம் கெத்தாகத்தான் திரிந்தேன்.

அந்தக் கெத்துக்கு ஒரு கெடு இருந்தது. மூன்று மாதம் பார்க்கிறேன், அப்புறம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்று முதலாளி தனசேகர் சொல்லியிருந்தார். பெயருக்குத்தான் அவர் முதலாளி. அந்த முடிவு ஃபோர்மேன் ஏழுமலை அண்ணன் கையில் இருந்தது.

ஏழுமலை அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் வெல்டிங் பொறி சுட்ட புள்ளிகள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் வரைந்து அச்செடுக்கிற ஒவ்வொரு படமும் அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலைக்குப் போகும். டேப்பை வைத்து அளப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவார், 'இந்த ஓட்டையில போல்ட்டு நுழையுமா, இல்ல உன் விரலை வுட்டுப் பாக்கணுமா?' என்று கேட்பார். ஒரே படத்தை நான்கு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் பேஜாரு. (தொல்லை, இம்சை, தலைவலி மூன்றையும் கலந்து அரைத்தால் வருவது பேஜாரு.)

படத்தின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று பெயர் போட வேண்டும். வரைந்துகொண்டிருக்கிற காலம் முழுக்க, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'பேஜாரு' என்று ஆங்கிலத்தில் அடித்து வைத்திருப்பேன். அச்செடுக்கும் முன்பு ஞாபகமாக அழித்துவிட்டு அவர் பெயரைப் போடுவேன். யாருக்கும் தெரியாத அந்தப் பழிவாங்கலில்தான் மூன்று மாதத்தையும் ஓட்டினேன்.

கெடு முடிகிற நேரத்தில் பெரிய வேலை ஒன்று வந்தது. காட்டுப்பள்ளியில் ரிப்பேருக்கு வந்து நின்ற ஒரு கப்பலுக்குப் புதிதாக ஒரு படி செய்து தர வேண்டும். கரையிலிருந்து கப்பலுக்கு ஆட்கள் ஏறி இறங்கும் நீளமான சாய்வுப் படி. துருப்பிடித்த பழைய படியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அங்குலம் அங்குலமாக அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். அளந்து முடித்ததும் அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து பதினான்கு தாளுக்கு வரைந்தேன். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துத் தகடு வெட்டத் தொடங்குவது என்று ஏற்பாடு. அன்றைக்கே என் விஷயத்தையும் சொல்லிவிடுவதாக முதலாளி சொன்னார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. காலையிலிருந்தே பட்டறையில் வேலை கிடையாது, கழுவல்தான். லேத்துக்கு மண்ணெண்ணெய்க் குளியல். வருஷம் முழுக்கக் கரி பூசிக் கிடந்த ஸ்பேனர்கள், யாரோ புதிதாக வாங்கிவந்த மாதிரி வரிசையில் படுத்திருந்தன. ஏழுமலை அண்ணன் என் கேபினுக்குள் தலையை விட்டார். "உன் ஆயுதத்தையும் தொடச்சி வை பாப்பா. சொம்மா மேலாப்புல தடவாத, உள்ள இருக்கிற குப்பையும் போவணும்" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பொரி எங்கே என்று தேடியிருப்பேன். சொன்னது ஏழுமலை அண்ணன், மறுநாள் என் தலையெழுத்தை எழுதப்போகிறவர். வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். மானிட்டரைத் துடைத்தேன். அப்புறம் 'உள்ளே' போனேன்.

உள்ளே பார்த்தால் ஒரே குப்பை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு கோப்பு, பெயருக்குக் கடைசியில் புள்ளி வைத்து வருகிற வால் மட்டும் வேறு. ஒரே பெயரில் எதற்கு இரண்டு என்று அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். (மூலக் கோப்புக்கு ஏதாவது ஆனால் உதவட்டும் என்று சாஃப்ட்வேர் தானே வைக்கிற பழைய நகல் அது என்று டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு நான் லீவ்.) ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன். பென் டிரைவையும் சுத்தமாக்கிச் சந்தனப் பொட்டு வைத்தேன். அளவு குறித்த நோட்டில் எண்ணெய்க் கறை இருந்தது. எல்லாம்தான் படத்தில் ஏறிவிட்டதே என்று, வாசலில் குப்பை எரிந்துகொண்டிருந்த டிரம்மில் அதையும் போட்டேன். அவ்வளவு மனநிறைவு எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

அப்புறம் சுத்தமான சிஸ்டத்தில் உட்கார்ந்து பதினான்கு தாளையும் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு அளவு என்று ஒன்றரை மணி நேரம் போனது. மூலையில் பெயரைச் சரியாக மாற்றினேன். சேவ் அழுத்தினேன். திரை வெளுத்தது. அம்பு வட்டமாகி ஐந்து நிமிடத்துக்குமேல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, சரிசெய்ய முடியாத பிழை, சாஃப்ட்வேர் மூடப்படுகிறது என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது, மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தேன். கோப்பு கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்றது. பழைய நகலைத் தேடலாம் என்று அப்போதுதான் உதித்தது, அதை நான் எங்கே அனுப்பினேன் என்பதும் கூடவே உதித்தது. பென் டிரைவ் பொட்டோடு என்னைப் பார்த்தது. வாசலுக்கு ஓடினேன். டிரம்மில் நோட்டின் அட்டை மட்டும் சுருண்டு கிடந்தது. அளக்கலாம் என்றால் பழைய படியும் இல்லை. கப்பலில் ஏற ஒரு படி இந்த உலகத்தில் எங்கேயும் மிச்சம் இல்லாதபடி நான் ஒருத்தியே துடைத்திருந்தேன்.

திரும்பி வருவதற்குள் ஏழுமலை அண்ணன் பூஜை நேரம் ஆகிவிட்டது என்று மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார். என் சிஸ்டத்துக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் சாமந்திப்பூ. கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, சரிதான், மாலையும் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது ராயபுரத்து ரஃபி பாய். கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் போய் நின்று அவருக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. சரி, நாமே ஏதாவது செய்து பார்ப்போம் என்று, எல்லோரும் பொரியும் சுண்டலுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில் மெதுவாகக் கேபினுக்குள் நழுவி, மெயின் ஸ்விட்சை ஏற்றிவிட்டு, பவர் பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

"கை வெக்காத. பூஜை போட்ட சாமான்."

பின்னால் ஏழுமலை அண்ணன், கையில் வாழைப்பழத்தோடு. சிஸ்டத்தில் ஒரு போன் நம்பர் இருக்கிறது, அவசரம் என்று புளுகினேன். யாருடைய நம்பர் என்றார். தடுமாறினேன். அப்பால நாளைக்குப் பேசிக்கலாம், இன்றைக்கு அது சாமி என்று சொல்லிவிட்டு, ஸ்விட்சை மறுபடி இறக்கிக் கேபினைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். நான் கெஞ்சினேன், கொஞ்சம் அழுதும் பார்த்தேன். அந்த மனிதர் அசையவில்லை. வீடு வரைக்கும் ஷேர் ஆட்டோவில் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வடசென்னையில் திட்டுக்குப் பஞ்சமா? எண்ணூர் வரைக்கும் ஒரு வார்த்தை கூட இரண்டாம் முறை வரவில்லை.

சாயங்காலம் ரஃபி பாயே கூப்பிட்டார். ஏதோ கல்யாணத்தில் இருந்தாராம். நடந்ததை முழுக்க அவரிடம் சொன்னேன்.

"அதுக்கு அப்பால சிஸ்டத்தை ஆன் பண்ணியா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். அந்த பேஜாரு வுடல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு பெரிய மூச்சு விட்டார்.

விஷயம் இதுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சாஃப்ட்வேர் தானாகவே படத்தின் நகலை எழுதி, டெம்ப் என்கிற தற்காலிகச் சாமான் அறையில் போட்டுவைக்கும். ஒழுங்காக மூடினால் அதை அழித்துவிடும். நடுவில் கவிழ்ந்தால் நகல் அங்கேயே கிடக்கும். ஆகவே என் படி டெம்ப்பில் இருக்கிறது. ஆனால், சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது பாய், ஸ்லோவாக இருக்கிறது பாய் என்று நான் ஒரு மாதமாக அவர் உயிரை எடுத்ததால், ஆன் செய்த உடனே டெம்ப் தானாகக் காலியாகும்படி அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மத்தியானம் நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். காலையில் தானே வந்து, ஆன் செய்யாமல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் போட்டு எடுத்துத் தருகிறேன் என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாள் முழுக்கச் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு தலைவாரிக்கொண்டிருந்தேன். அம்மா மீன் கூடையை எடுத்துவைத்துக்கொண்டே பேச்சுக்குக் கேட்டாள்.

"உங்க பட்டறையிலயும் இன்னிக்குக் காத்தால எல்லாத்தையும் ஒரு வாட்டி ஓட்டுவாங்க இல்ல? கரையில கிடக்குற நம்ம போட்டு இன்ஜினை ஓட்ட உங்க நைனா போயிட்டாரு. உன் பொட்டியை யாருடி ஓட்டுவா?"

சீப்பு கையிலிருந்து விழுந்தது. அம்மா கேட்டது சரிதான். விஜயதசமி காலையில் எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். பூஜை போட்ட ஒவ்வொரு மெஷினையும் நல்ல நேரத்தில் ஒரு தடவை ஓட்டி நிறுத்துவார்கள். அன்றைக்கு நல்ல நேரம் ஏழரைக்கு. மணி ஏழு.

ஏழுமலை அண்ணனுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. (போனும் ஆயுதம்தானே? முந்தின நாளே அதற்கும் பொட்டு வைத்து ஸ்பேனர்களோடு சாமி படத்துக்கு முன்னால் படுக்கவைத்திருந்தார். அடிக்கிறது தெரிந்தும், பூஜை முடியாமல் தொடக் கூடாது என்று விட்டிருக்கிறார்.) முதலாளிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. பண்டிகை நாளில் கூட அந்த வரிசைக்கு விடுமுறை இல்லை. பட்டறைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஆட்டோ சுத்தமாக நின்றுவிட்டது. இறங்கிப் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். லாரிக்கு லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், 'யாரு கல்யாணத்தை நிறுத்தப் போற தங்கச்சி?' என்று அக்கறையாக விசாரித்தார். நான் நிற்கவில்லை.

நான் உள்ளே நுழையும்போது லேத் ஓடி நின்றிருந்தது. டிரில்லிங் மெஷின் ஓடி நின்றிருந்தது. வெல்டிங் செட்டில் ஒரு பொறி தட்டி முடித்திருந்தார்கள். முதலாளியும் எல்லா ஆட்களும் என் கேபின் வாசலில் கையைக் கட்டி நின்றார்கள். உள்ளே ஏழுமலை அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பவர் பொத்தானை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கை வெக்காத! பூஜை போட்ட சாமான்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சாமந்திப்பூ என் தலையில் விழுந்தது.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? முதலாளி முன்னால், வெல்டர்கள் முன்னால், தலையில் பூவோடு எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது, எரித்தது, போன் நம்பர் என்று புளுகியது, ஒன்று விடவில்லை. பேஜாரு என்ற பெயரை மட்டும் விட்டேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, ஏழுமலை அண்ணனைப் பார்த்தார். அவர் ஒரு நிமிடம் என்னையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துக் கேபின் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பாய் வர்ற வரிக்கும் எவனும் உள்ள போவக் கூடாது" என்றார்.

ரஃபி பாய் பத்து மணிக்கு வந்தார். சந்தனம் கலையாமல் பெட்டியைத் திறந்தார். டிஸ்க்கைக் கழற்றி ஒரு வயரில் மாட்டி லேப்டாப்பில் சொருகினார். டெம்ப்புக்குள் போய், வாயில் நுழையாத பெயரோடு கிடந்த ஒரு கோப்பைப் பிடித்து, அதன் வாலை மட்டும் படக்கோப்பின் வாலாக மாற்றி, பென் டிரைவில் போட்டார். பிறகு தானாக டெம்ப்பைக் காலி செய்கிற அந்த ஏற்பாட்டை முதல் வேலையாக எடுத்துவிட்டு, டிஸ்க்கை மறுபடி மாட்டி, சிஸ்டத்தைப் போட்டு, கோப்பைத் திறந்தார். அம்பு வட்டமாகிச் சுற்றியது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், பாய்க்குத் தெரிந்த சாமியையும் சேர்த்து.

படி வந்தது. முதலில் கைப்பிடி, பிறகு படிக்கட்டுகள், பிறகு பதினான்கு தாளும். நான் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பாய் ஏழுமலை அண்ணனைப் பார்த்து, "நேத்து மட்டும் இதை ஆன் பண்ண வுட்டிருந்தீங்க, இந்நேரம் மூலக்கொத்தளத்துக்குத்தான் எடுத்துகினு போயிருக்கணும்" என்றார். (மூலக்கொத்தளத்தில் இருப்பது பெரிய சுடுகாடு.) பத்து நிமிடத்துக்கு முந்தின நகல், அதனால் கடைசியாகச் செய்தது ஏதாவது ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. சந்தோஷத்தில் பதினான்கு தாளையும் அச்செடுத்து, சூடு ஆறுவதற்குள் ஏழுமலை அண்ணன் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். டேப்பை எடுத்தார். அரை மணி நேரம் அளந்தார். ஒரு தப்பும் இல்லை. பிறகு கையெழுத்துப் போடக் கீழ்மூலைக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் நான் செய்தது ஒரே ஒரு காரியம்.

அவர் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "பே... ஜா... ரு. யாரு, நானா?"

நேற்றிலிருந்து ஏகப்பட்ட பொய் சொல்லிவிட்டேன், இனி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பதினான்கு தாளையும் புரட்டிப் பார்த்தார். பதினான்கிலும் பேஜாரு. வெல்டர்கள் எல்லோரும் திடீரென்று கூரையை ஆராய்ந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேஜாரு என்ற பெயருக்கு நேராக, நிதானமாக, பதினான்கு கையெழுத்துப் போட்டார்.

"நேரமாவுது. தகடு வெட்டுங்கடா" என்றார்.

முதலாளி மெதுவாக, இந்தப் பெண் விஷயம் என்ன செய்யலாம் ஏழுமலை என்று கேட்டார். அவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"இருக்கட்டும் சார். கோடு நேராத்தான் கீது. வாய்தான் கோணல்."

அந்தப் படி கப்பலோடு போய்விட்டது. அதன் படங்களும் எந்தத் தேசத்துக் கடலிலோ ஒரு ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கும். அந்தப் பட்டறையில் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தேன். நல்ல பழக்கம் ஒன்றும் வந்தது. எந்த நகலையும் நான் அழிப்பதில்லை. வீட்டில் பழைய காலண்டரைக் கூடத் தூக்கிப்போட விடுவதில்லை என்று என் கணவர் புலம்புகிறார்.

எங்கள் கல்யாணத்துக்கு ஏழுமலை அண்ணன் ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார். அடியில் பெயர் எழுதியிருந்தது, 'அன்புடன், பேஜாரு'. மேடையில் அதைக் கொடுத்தபோதுதான் அந்த மனிதர் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் மணி என்ன என்று யாரும் கேட்பதில்லை. பேஜாரு இன்னா சொல்லுது என்றுதான் கேட்பார்கள். என் பெண் பள்ளிக்கூடத்திலும் அப்படியே கேட்டு, டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆயுத பூஜை அன்று என் கையில் யாரும் துணி கொடுப்பதில்லை. அம்மா காலையிலேயே எண்ணூரிலிருந்து போன் செய்து, அவளை எங்கேயாவது உட்கார வையுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறாள். ஒரு தட்டுப் பொரியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கணவரும் பெண்ணும் வீட்டைத் துடைப்பார்கள். கடைசியில் என் பெண் ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"பேஜாருக்குப் பொட்டு வெச்சாச்சும்மா. நாளைக்குக் காத்தால வரிக்கும் கை வெக்காத."

நான் வைப்பதில்லை.